வெளிச்சத்தைத் திருப்பித் தராத கண்

நரிக்குக் கண் எரியும்.
மானுக்கு இரண்டு பச்சைப் பொறி.
புதரோரக் காட்டுப்பூனைகூட
லாரி விளக்கை வாங்கி
லாரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.
எறும்புதின்னி மட்டும்
வாங்கியதை வைத்துக்கொள்ளும்.
ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம்
இருட்டுக்குள் கொஞ்சம் கூடுதல் இருட்டு.

என் வேலை எண்ணுவது.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை
காம்போ கிராண்டேயிலிருந்து மேற்கே,
மெதுவாக,
கரும்பு லாரிகள் பின்னாலிருந்து ஹாரனால் திட்டத் திட்ட
செத்தவற்றை எண்ணிக்கொண்டு போகிறேன்.
படிவத்தில் பதினோரு கட்டங்கள்.

உயிரோடு பார்க்க வேண்டுமானால்
சாலையை விட்டு இறங்க வேண்டும்.

வெயில் கொளுத்தும் வாரம் இரவில் நடக்கும்.
தெற்கிலிருந்து குளிர்காற்று வந்தால்
நட்டநடுப் பகலில் நடக்கும்.
உடம்பில் சூடு குறைவு,
வெயிலிடம் கடன் வாங்கித்தான் பிழைப்பு.
நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கி
விரல் முட்டிகளை ஊன்றி வருகிறது,
கத்தியை ஒளித்துக்கொண்டு
கல்யாண வீட்டுக்குப் போகிறவன்போல.

புற்றருகே மூக்கு நிற்கும்.
ஒரு கீறல். கை நுழையுமளவு துளை.
ஒரு பல்கூட இல்லாத வாயிலிருந்து
ஒரு முழத்துக்கும் மேல் நாக்கு
போகிறது வருகிறது போகிறது வருகிறது
தையல் மெஷின் ஊசியாக.
ஒரு நிமிடம், அவ்வளவுதான்.
காவல்காரக் கரையான்கள் கடிக்க வந்து சேருமுன்
அடுத்த புற்றுக்கு நடை.
இரவோடிரவாகத் துளையைப் பூசி மெழுகிவிடுவார்கள்
உள்ளே இருப்பவர்கள்.
அடுத்த வாரமும் வரவேண்டுமே,
வீட்டையா இடிப்பது?

தூங்கும்போது வாலை எடுத்துப் போர்த்திக்கொள்ளும்.
கொடித் தமாண்டுவா என்று இங்கே பெயர், அந்த வாலுக்காக.
ஒருமுறை காய்ந்த புல் குவியல் என்று நினைத்து
தண்ணீர்க் குப்பியை அதன்மேல் சாய்க்கப் போனேன்.
புல் மூச்சு விட்டது.

டயர் கடையில் ஒஸ்மரீனோ சொன்னார்:
"அது குறுக்கே போனால் பயணம் விளங்காது.
கடந்துபோகுமுன் முடித்துவிட வேண்டும்."
நீங்கள் எத்தனை முடித்தீர்கள் என்றேன்.
இரண்டு விரல் காட்டினார்.
யோசித்து, மூன்றாவதையும் விரித்தார்.
பயணம் விளங்கியதா?
"ஒருதடவை ரேடியேட்டர் போச்சு.
நாற்பது கிலோ இருக்குமே அது."

அந்தச் செவ்வாய், விடிவதற்கு முன்,
பாலம் தாண்டி, யூகலிப்டஸ் தோப்பு தொடங்கும் இடம்.
பெண். பெரிசு. இன்னும் சூடு போகவில்லை.
மார்பிலிருந்து தோள்மேல் ஏறி
முதுகில் கூராக முடியும் கறுப்புக் கோடு,
இருபுறமும் வெள்ளைக் கரை.
அளவு நாடாவை வைத்தேன்.
கோடு நகர்ந்தது.
ஒன்றாக இருந்தது
இரண்டாகப் பிரிந்தது.

குட்டி.

மாதக்கணக்கில் தாய் முதுகில்
தன் கோட்டை அவள் கோட்டோடு சேர்த்துப் படுத்திருக்கும்,
ஜாகுவார் பார்த்தால் ஒரே மிருகம்.
லாரியும் ஒன்றைத்தான் பார்த்திருக்கும்,
அல்லது அதையும் பார்த்திருக்காது.
நானும், பதினேழு வருடமாக எண்ணுகிறவள்,
ஒன்று என்றே எழுதியிருந்தேன்.

உயிருள்ளதற்குக் கட்டம் கிடையாது.
'பிற' என்ற இடத்தில்
'இன்னொன்று' என்று எழுதினேன்.

தூக்கியதும் தோளில் ஏறிற்று,
அங்கியைத் துளைத்துச் சதையில் நகம் பதிய,
தேடித் தேடி முதுகுக்குப் போய்ப் படுத்தது.
அதன் கோடு எதோடு சேர்ந்ததோ;
என் முதுகை நான் பார்த்ததில்லை.

வளைவில் ஒரு லாரி.
சாலைப் பணியாளர்களுக்குக் கொடுக்கிற அங்கி,
அதன் வெள்ளிப் பட்டை
வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.
லாரி வேகத்தைக் குறைத்தது,

எனக்காக.