பிடியரிசி

பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கத்துக் கடை தமிழ்நாடு,
எதிர்க்கடை கேரளா.
நடுவில் படுத்திருக்கும் நாய்க்கு
இரண்டிலும் எலும்பு கிடைக்கும்.
அங்கேதான் ஆண்டவரே
எங்கள் ரப்பர் ஷீட்டுக்கு விலை சொல்வார்கள்.

எனக்குக் கல்யாணமான வருஷம் கிலோ முப்பது ரூபாய்.
பால் வெட்டப் போகும் தாசையன்
மழை பிடித்தால் வெறுங்கையோடு வருவார்.
ரேஷன் அரிசி ஒன்றரை நாழி.
உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து
உமக்கென்று வைத்த கலயத்தில் போடுவேன்.
கொஞ்சம் அரிசியில் ஒரு பிடி எடுத்தால்
பானைக்குத் தெரியும்.
கஞ்சியில் தண்ணீர் ஏறும்.
தாசையன் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்து
"இன்னைக்கு ஏசு நல்லா சாப்பிட்டிருக்கார்" என்பார்.
சிரிப்போம்.
உம்மோடு சேர்த்து அந்த வீட்டில் மூன்று பேர்.

பிறகு விலை ஏறியது.
நூறு. நூற்றெண்பது. இருநூற்று நாற்பது.
ஓடு போய்க் கான்கிரீட் வந்தது.
மகன் ஷிஜினுக்கு பைக்,
எனக்கு அஞ்சு பவனில் சங்கிலி, அதில் குட்டிச் சிலுவை.
அரிசி மூட்டையாக வந்து இறங்கியது.
மூட்டையில் ஒரு பிடி எடுத்தாலும் தெரியாது,
எடுக்காவிட்டாலும் தெரியாது.

நான் உம்மை மறுதலிக்கவில்லை.
எந்தச் சேவலும் கூவவில்லை.
ஞாயிறு தவறியதில்லை.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஒரு வாழைக்குலையை இரண்டாயிரத்துக்கு எடுத்தோம்,
சபையே திரும்பிப் பார்த்தது.
கலயம் கேட்டு வரும் றேச்சல்பாயிடம்
கேட்டுக்கு வெளியே கைநீட்டி நூறு ரூபாய் கொடுப்பேன்.
"ஒரு பிடி போதும்க்கா" என்பாள்
ஒவ்வொரு முறையும்.
கலயத்தில் கரண்ட் பில் இருந்தது,
பைக் சாவி இருந்தது.

விலை இறங்கியதைக்கூடத் தாங்கியிருப்போம்.
ஒரு செவ்வாய்க்கிழமை, விடியாத நேரம்,
மூன்றாம் வரிசை மரத்தடியில்
தலையில் கட்டிய டார்ச் எரிந்தபடி
தாசையன் கிடந்தார்.
பக்கத்துச் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.
வலது கை, வலது கால், பாதி வாய்,
எல்லாம் போயிருந்தது.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் நாற்பத்தொரு நாள்.
சங்கிலியை அடகு வைக்கப் போனேன்.
சிலுவையைக் கழற்றித் தரட்டுமா என்றார் பேங்க்காரர்.
எடை குறையுமே,
அதையும் சேர்த்தே போடுங்கள் என்றேன்.
அன்றைக்கு உம்மிடம் நான் பேசவில்லை.
நீரும் பேசவில்லை.
லிஃப்ட் வர நேரமானது,
படியில் ஏறினேன்.

வீடு திரும்பிய மூன்றாம் ஞாயிறு
றேச்சல்பாய் வந்தாள்.
கலயம் கேட்கவில்லை.
வாசலில் ஒரு பையை வைத்துவிட்டு
செருப்பைத் தேடிக்கொண்டே போய்விட்டாள்.

அவிழ்த்தால் அரிசி.
சிவந்த குத்தரிசி, ரேஷன் புழுங்கல்,
பொன்னி, பச்சரிசி, உடைந்த குருணை,
யாரோ வண்டு பொறுக்காமல் போட்டது,
யாரோ கழுவிக் காயவைத்துப் போட்டது.
அறுபது வீட்டுக் கைகள் ஒரே பையில்.
எந்தக் கை எந்த ஊர்க் கை என்று
எந்தச் செக்போஸ்ட்டாலும் பிரிக்க முடியாது.

அடுப்பில் வைத்தேன்.
பொன்னி குழைந்துவிட்டது, குத்தரிசி வேகவே இல்லை.
தாசையனுக்கு ஊட்டினேன்.
ஒரு பருக்கை பல்லில் கடிபட்டது,
நல்ல பக்கத்து வாயால் மெல்ல மென்றார்.
கோணலாக ஏதோ சொன்னார்.
எனக்கு மட்டும் புரிந்தது:
"இன்னைக்கு ஏசு நமக்கு வெச்சிருக்கார்."

அப்போதுதான் அழுதேன்.
மெடிக்கல் காலேஜில் அழாததையும் சேர்த்து.
நான் போடாத ஏழு வருஷமும்
அந்தக் கலயங்கள் நிறைந்துகொண்டே இருந்திருக்கின்றன.
ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள்தான் போட்டிருக்கிறார்கள்,
என் பங்கையும் சேர்த்து,
அது எனக்கே வரும் என்று தெரியாமல்.

இன்று காலை சாவியை ஆணியில் மாட்டினேன்.
பில்லைத் துணி அலமாரியில் வைத்தேன்.
கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து, காய்ந்ததும்
அந்தக் கலப்பரிசியிலேயே ஒரு பிடி எடுத்துப் போட்டேன்.
வெறுங்கலயத்தில் அரிசி விழும் சத்தம்
மறந்தே போயிருந்தது.

வாக்கு எதுவும் கொடுக்கவில்லை ஆண்டவரே,
என் கையை எனக்குத் தெரியும்.
இல்லாத நாளில் எப்படியும் உம்மைப் பிடித்துக்கொள்வேன்,
வேறு பிடிக்க என்ன இருக்கிறது.

பனச்சமூட்டில் விலை ஏறும் அன்றைக்குத்தான்
என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்.