மக்குவதற்கு எட்டு மாதம்

செவ்வாய்க்கிழமை கறுப்புப் பை.
மூன்று வாரமாக லாரி வரவில்லை.
சேட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட் முழுக்க
வாசலுக்கு வாசல் பைகள் உட்கார்ந்திருக்கின்றன
பந்திக்குக் காத்திருக்கும் ஆட்களைப் போல.
முதல் பந்தி குரங்குகளுக்கு.

"பின்னால் உரக்குழி போடலாமா?" என்றேன்.
கோகிலம் மடும்பேத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.
"எவ்வளவு நாள் ஆகும்?"
"எட்டு மாதம். வெயில் நன்றாக அடித்தால் ஆறு."
கத்தி நின்றது.
"எட்டு மாதத்தில் நாம் எங்கே இருப்போம்?"

பெர்த்திலிருந்து பிரனோலா அனுப்பிய படிவங்கள்
அலமாரியில் இருக்கின்றன,
போலீஸ் சான்றிதழோடு, இரண்டு நெஞ்சு எக்ஸ்ரேயோடு.
விசாவுக்கும் எட்டு மாதம்தான் என்கிறார்கள்.
சிலருக்குப் பதினெட்டு.

சாக்குச் சொல்லத் தெரியாதவனா,
முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவன்?
எலி வரும் என்றேன். எலிக்குப் பின்னால் பாம்பு.
டெரன் பிள்ளே வீடு எங்கள் சுவரின் மறுபாதி,
அவன் தும்மினால் எங்கள் கோப்பை அதிரும்,
எங்கள் நாற்றம் அவன் சோற்றுக்குப் போகும்.
ரூய்போஸ் பையில் ஸ்டேப்பிள் கம்பி, அதை யார் பிய்ப்பது?
வீட்டை விற்றுத் தருகிற பெண் படமெடுக்க வரும்போது
குப்பைமேடா தெரிய வேண்டும்?
இதில் ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

சொல்லாமல் விட்டது பின்பக்கத்துச் சரிவு.
அந்த ஏப்ரல் மழையில்
மிளகாய்ச் செடி, முருங்கை, வேலிக்கம்பி,
கொடியில் கிடந்த என் இரண்டு யூனிஃபாரம் சட்டை,
எல்லாம் ஒரே மூச்சில் இறங்கின.
விடிந்து பார்த்தால் சாம்பல் நிறப் பாறை,
சிராய்த்த முழங்கால்.
மண் ஆற்றோடு கடலுக்குப் போய்விட்டது.
காப்பீட்டுக்காரன் சுவரைக் கணக்கிட்டான், கூரையைக் கணக்கிட்டான்.
மண்ணுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அதனால்தான் கேட்டேன் போலிருக்கிறது.
சரியாகத் தெரியவில்லை.
அடுத்து வருகிறவன் கத்தரி நட்டால் எனக்கென்ன?
நடமாட்டான். சிமெண்ட் போட்டுக் காரை நிறுத்துவான்.

கோகிலம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் தோல்களை அடைத்து
ஃப்ரீசரில் வைத்தாள், இறால் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
"முடிவு பண்ணும் வரை நாறாது."
டப்பா இரண்டாச்சு, ஐந்தாச்சு.
டெரனின் மகளுக்கு வெனிலா என்று நான் எடுத்து நீட்டியது
உறைந்த முட்டை ஓடும் வாழைத்தோலும்.
அவள் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள்.

வியாழக்கிழமை மின்சாரம் போனது. இரண்டு மணி நேரம் என்றார்கள்.
மறுநாள் இரவும் வரவில்லை, யாரோ கேபிளை அறுத்துவிட்டார்கள்.
இறாலை டெரன் வீட்டு கேஸ் அடுப்புக்கு அனுப்பினோம்.
ஐந்து டப்பாவும் வியர்த்து, மூடி உப்பி,
இனி காத்திருக்க முடியாது என்றன.

அவள் டார்ச் பிடித்தாள். நான் தோண்டினேன்.
பாறை.
நகர்ந்து தோண்டினேன். பாறை.
சுவரோரம் ஒரு முழம் மட்டும் மண்வெட்டிக்கு வழிவிட்டது.
காய்ந்ததும் ஒரு பங்கு போட வேண்டுமாம்.
பழைய பஸ் கால அட்டவணைகளைக் கிழித்துப் போட்டேன்,
ஐந்து இருபது, ஐந்து ஐம்பது, கடைசி வண்டி பத்து பத்து.
"இது உரக்குழி இல்லை," என்றாள். "இன்றைக்கு ஒரு வழி. அவ்வளவுதான்."
"அவ்வளவுதான்," என்றேன்.

காலையில் சுவர்மேல் ஒரு குரங்கு,
அவகாடோ கொட்டையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு.
குழி பாதி கிளறிக் கிடந்தது.
கோகிலம் பேக்கிங் தட்டைக் கொண்டுவந்து மூடினாள்.
மேலே ஒரு செங்கல். யோசித்து, இன்னொன்று.
கையைப் பாவாடையில் துடைத்தபடி உள்ளே போனாள்.

சமையலறையில் காலண்டர் தாள் புரளும் சத்தம்.
வெளியே நின்று எண்ணினேன்.
ஆறாவதோடு நின்றது.
அதற்குமேல் ஆணியில் தாள் இல்லை.