கூட்டல் பிழை

ஒன்று: சீனி குறை.
இரண்டு: ஐஸ்.
நான்கு: இஞ்சி.
எட்டு: பொட்டலம்.
நாலே விளக்கு, பதினாறு விதத் தே,
எல்லாம் ஒற்றை எண்ணுக்குள் என்று
சூலியா தெருக் கடையில்
மழைக்கு ஒதுங்கியபடி
நைனாவிடம் அளந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் போன்.
கோகிலவாணி அக்காவுக்குத் தொண்டை கட்டு.
'சீனி குறை' பொத்தானை
சந்தேகத்துக்கு இன்னொரு தரமும் தட்டியிருக்கிறார்.
வந்தது ஐஸ்.
சீனியும் முழுசாய்.

ஒன்றும் ஒன்றும் இரண்டு.
கணக்கில் பிழையில்லை,
கூட்டியதுதான் பிழை.
சிலுவைக் குறியை அழித்துவிட்டு
'அல்லது' என்னும் நெட்டைக் கோட்டை நட்டேன்.
எரிகிற விளக்கை மறுபடி ஏற்றினால்
எரியும்,
அவ்வளவுதான்.

கூலி பேசவில்லை.
நைனா நகர்த்திய கிளாஸின் ரசீதில்
பூஜ்யம்.
எதையும் கேட்காதவனுக்கு
நுரை தளும்ப,
திகட்டத் திகட்ட,
நாக்கு பொத்துப்போகும் சூட்டில்.