இரண்டு எர்த்து

காளவாசல் சிக்னலைத் தாண்டி தேனி போகும் ரோட்டில்
டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
ஒரு தகரம், ஒரு பெஞ்சு, ஒரு சோல்டரிங் அயன்: என் கடை.
மாசி வெயில் தகரத்தில் கொட்டிக் கிடந்த மதியம்
முத்திருளாண்டி தன் வெள்ளை இண்டிகாவை
முழுசாக நிறுத்தும் முன்பே கத்தினார்:
‘அண்ணே, உள்ள கொசு பாடுது.’

கொசுதான்.
டவுன்ஹால் ரோட்டில் நூத்தியிருபதுக்கு ஒயர் வாங்கி
பழைய ஸ்டீரியோவின் முதுகில் அவரே செருகியிருந்தார்.
வண்டி சும்மா உறுமும்போது மெலிசாக ஙொய்ங்.
ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறி
காலை எடுத்தால் இறங்கி வந்து உட்கார்ந்தது.
போதாததற்கு இடதுபக்க ஸ்பீக்கர் ஊமை.

இந்தச் சத்தத்தோடு எனக்குப் பதினாறு வருஷப் பகை.
எல்லோரும் முதலில் ஸ்பீக்கரைத் திட்டுவார்கள்
பிறகு போனை, பிறகு சைனாக்காரனை.
நான் இன்ஜினை அணைத்தேன். நின்றது.
மறுபடி போட்டேன். வந்தது.
ஆல்டர்னேட்டர் சுற்றுகிற வேகத்துக்கே அழுகிறது.
போனிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினேன்.
பாதி கொசு செத்தது.
மீதி?

ஆஷ்ட்ரேயைக் கழற்றி, டேஷ்போர்டுக்குள் தலையை விட்டு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தால்
பெயிண்ட் அடித்த ஒரு ஸ்க்ரூவைக் கறுப்பு ஒயர்
பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கிறது.
சார்ஜருக்கு ஒரு எர்த்து, ஸ்டீரியோவுக்கு ஒரு எர்த்து.
எல்லாம் ஒரே வண்டியின் இரும்புதானே என்பார்கள்.
மீட்டர் அப்படிச் சொல்லாது.
இரண்டுக்கும் நடுவே இம்மியளவு ஏற்றத்தாழ்வு.
அந்த இம்மிதான் பாடுகிறது.

வெள்ளை இரும்பு தெரியும்வரை பெயிண்ட்டைச் சுரண்டினேன்.
இரண்டு கறுப்பையும் ஒரே போல்ட்டில் கட்டி முறுக்கினேன்.
ஜாக்கின் தலையில் விட்டுப்போயிருந்த மயிரிழைக்கு
ஒரு சொட்டு ஈயம்.
இடது காது திறந்தது.
போன் வால்யூமை முக்காலில் நிறுத்தி
‘இதுக்கு மேல போனா கரகரக்கும்,
வேணுங்கிறத ஸ்டீரியோவுல ஏத்திக்கங்க’ என்றேன்.
‘இப்பப் போடுங்க உங்க பாட்டை.’

பாட்டில்லை.
‘பிரிவு பதினாலு’ என்றது ஒரு பெண்குரல்.
‘சட்டத்தின் முன் அனைவரும் சமம்.’
குரலுக்குப் பின்னால் டர்ர்ர்ர்.

எனக்கு வேர்த்துவிட்டது.
இன்ஜின் ஓடவில்லை. சார்ஜர் இல்லை. எர்த்து ஒன்றே ஒன்று.
ஃபில்டர் வைத்தேன். டர்ர்ர்.
பவர் ஒயரைப் பிரித்து எதிர்ப்பக்கமாக இழுத்துக் கட்டினேன். டர்ர்ர்.
அந்தப் பெண் ஒரு வரி சொல்ல, அது ஒரு வரி சொன்னது.
பதினைந்தும் பதினாறும் என் முதுகுக்குப் பின்னால் போயின.
முத்திருளாண்டி டீயை வைத்துக்கொண்டு தயங்கிக் கேட்டார்:
‘என்னண்ணே தேடுறீங்க?’
‘இந்த டர்ர்ர்.’
‘அட, அது பேச்சியோட மெஷின்ணே.
ஜாக்கெட் தைச்சுக்கிட்டே படிச்சு அனுப்புவா.
குரூப் ஃபோருக்கு. ஏர்போர்ட் ட்ரிப்புல கேட்டுக்குவேன்.
இந்த வருஷத்தோட வயசு முடியுது எனக்கு.’

ஃபில்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

‘பிரிவு பதினேழு. தீண்டாமை ஒழிப்பு.’
டர்ர்ர். நின்றது.
பிறகு ஒன்றுமில்லை.
இடதும் இல்லை, வலதும் இல்லை.
ஜாக் லூசாகிவிட்டதென்று கை தானாகப் போனது.
அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
‘இருங்கண்ணே. நூல் அறுந்திருக்கும்.
கோத்துக்கிட்டு இருப்பா.’

பரோட்டாக் கல்லில் கரண்டிகள் கொத்துவதை நிறுத்தவில்லை.
உசிலம்பட்டி பஸ் ஒன்று தகரத்தை உலுக்கிவிட்டுப் போனது.
நாங்கள் இருவரும் அந்தச் சின்ன ஜன்னல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
அதற்குள்தான் ஊசி இருப்பது போல.

கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம்
இரண்டு ஸ்பீக்கரிலும், கொசுவில்லாமல்.

டர்ர்ர்.

‘பதினெட்டு.’