ஏழாம் எண்

எமரால்டில் ஒரு தேயிலை நாற்றுப்பண்ணை.
அலுவலகம் என்றால் தகரக் கூரை, ஒரு மேஜை,
விசிறி ஓயாமல் இரையும் பழைய கணினி.
மார்கழி தொடங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை
பாத்திகளில் நட்ட உணரிகள் குளிரை அனுப்பும்.
அதை வரிவரியாகக் கறுப்புத் திரையில் இறக்குவது
நான் எழுதிய நிரல்.

நான்கு டிகிரிக்கு மேல் பச்சை.
இரண்டுக்குக் கீழே சிவப்பு.
சொல்ல எளிது.

முதல் இரவு சிவக்கவில்லை.
எஸ்கேப், சதுர அடைப்பு, முப்பத்தொன்று, எம் என்று
நான் ரகசியமாய்ச் சொன்னதை
அப்படியே எழுத்துக்கூட்டி அச்சிட்டது திரை,
'கோபமாகப் பேசவும்' என்ற குறிப்பையும் சேர்த்து
ஒப்பிக்கும் பள்ளி நாடகப் பையன் மாதிரி.

இரண்டாம் இரவு சிவந்தது.
சிவந்தது நிற்கவில்லை.
முடிவில் ஒரு பூஜ்யம் வைக்க மறந்திருந்தேன்.
ஒன்பது டிகிரி சிவப்பு, தேதி சிவப்பு,
நிரலை நிறுத்திய பிறகும்
கட்டளைக்குக் காத்திருக்கும் சின்னக் கோடு
சிவப்பாகவே துடித்தது.
எனக்கும் அப்படிச் சில நாள்.
காலையில் மஞ்சூர் பஸ் கண்டக்டரிடம் பட்ட கோபத்தை
ராத்திரி சோறு ஆறிய பின்னும் இறக்கிவைக்கத் தெரியாது.

பூஜ்யம் வைத்தேன்.
காவலுக்கு இருக்கும் மாசிலாமணி அண்ணனிடம்
"சிவப்பு வந்தா மோட்டாரைப் போடுங்க" என்றேன்.
தலையாட்டினார்.

மறுநாள் இரவு மோட்டார் ஓடவில்லை.
நானூறு நாற்று கருகிப்போயிற்று.

"எது சிவப்பு எது பச்சைன்னு
எனக்குப் பிரியாதும்மா.
ரெண்டும் ஒரே சேத்துக் கலரு.
சொன்னா வேலை போயிரும்னு..."

பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறார்.
ஊர்ப் பேருக்கு மரகதம் என்று அர்த்தம்,
மரகதம் பச்சை என்று யாரோ சொன்னபோது
சும்மா சிரித்துவைத்தாராம்.

உட்கார்ந்து முப்பத்தொன்றை அழித்தேன்.
அந்த இடத்தில் ஏழு.
ஏழு எந்த நிறமும் இல்லை.
எழுத்தும் தரையும் இடம் மாறும், அவ்வளவுதான்:
கறுப்பு வெளுக்கும், வெளுத்தது கறுக்கும்.
பக்கத்தில் 'பனி' என்று ஒரு சொல், எதற்கும் இருக்கட்டுமென்று.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, நாலு மணி.
"வெள்ளைப் பட்டை வந்திருச்சும்மா!"
சொல்லும்போதே மோட்டார் உறுமியது.
டார்ச் அடித்துப் பார்த்தோம்.
பாத்தி முழுக்கத் தரை வெளுத்திருந்தது.
அதன்மேல் நாற்றுகள்
கறுப்பு எழுத்தாய், வரிவரியாய்.

பூஜ்யம் வைக்க வெயில்தான் வரணும்.
இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம்.
தண்ணீர் சுற்றிச் சுற்றி விழ,
மாசிலாமணி அண்ணன் முதல் வரியிலிருந்து
எண்ண ஆரம்பித்தார்.