ஒன்றரை மாத்திரை

முதல் வாரத் திட்டத்தில் எழுதியிருந்தேன்:
"எல்லோரும் சேர்ந்து வாசித்தல், பத்து நிமிடம்."
எழுதும்போது நான் டார்ட்டுவில் இருந்தேன்,
சூடேற்றிய அறையில், நல்ல நாற்காலியில்.
வாசிக்கப் போகிறவர்கள் ஐந்து தீவுகளில் ஐந்து பேர்.
மூன்று வரை எண்ணி முடித்ததும்
ஒரு வாளியில் கரண்டிகளைக் கொட்டிக்
குலுக்கியது போல ஒரு சத்தம்.
முஹுவிலிருந்து கார்ட் காதைப் பொத்திக்கொண்டாள்.
சீமுக்கு அவன் வாசித்தது மட்டும்தான் கேட்டிருந்தது.
"நன்றாக வந்ததல்லவா?" என்றான்.

கடலுக்கு அடியில் ஒலி வருகிறது,
ஆளுக்கொரு நேரத்தில்.
ரூஹ்னுவுக்கு எல்லாமே கடைசி:
கப்பல், ரொட்டி, ஸ்வரம்.

இரண்டாம் வாரம் எல்லோருடைய ஒலியையும் அணைத்தேன்.
நான் வாசித்தேன், கூடவே அவர்களும்.
அவர்கள் பக்கம் அது சேர்ந்திசை.
என் பக்கம் பத்துக் கைகள்
சத்தமில்லாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தன.

முகம் வேண்டாம், கைகளைக் காட்டுங்கள் என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.
பதினைந்து வயதில் முகத்தை ஒளித்துக்கொள்ள
ஆசிரியையே அனுமதி தந்தால் விடுவார்களா?
அட்லஸ்களை அடுக்கி ஒருத்தி,
மேசைவிளக்கின் கழுத்தில் கட்டி ஒருவன்,
மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தாவெத்,
கேமராவைக் குனிய வைத்தார்கள்.
தப்பியவர்களைக் கட்டைவிரல் காட்டிக்கொடுத்தது,
சுட்டுக்கொண்டதுபோலத் துள்ளி.

தாவெத்தின் விரல் ஒருபோதும் துள்ளவில்லை.
தனியாக அவன் ஒலியைத் திறந்த அன்றுதான் தெரிந்தது,
நடு சிக்கு மேலே உள்ள ஜி
அழுந்துகிறது, பேசவில்லை.
"மோர். தம்பி. போன வருஷம்," என்றான்.
அதற்குமேல் விசாரிக்க எதுவும் இல்லை.

அன்றிரவு ஜியே வராத ஒரு மெட்டைக்
கட்டிப் பார்த்தேன்.
பல் போனவர் உதட்டைத் திறக்காமல்
சிரிப்பது மாதிரி வந்தது.
காகிதத்தைத் திருப்பி
மளிகைக் கணக்கு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ரூஹ்னுவிலிருந்து எனெலியின் செய்தி:
"அந்த ஒன்றை நான் வாசிக்கட்டுமா?"
முன்னே வா, பின்னே வா என்று எதுவும் பேசாமல்
வோர்ம்சியில் அவன் விரல் இறங்கும்,
ரூஹ்னுவில் அவள் ஜி எழும்,
அவனிடம் திரும்ப வந்து சேர
ஒன்றரை மாத்திரை.
அந்த ஒன்றரையைத் தாளில் குறித்தேன்,
நிறுத்தக் குறியாக, பென்சிலால்.
மூன்று வாரத்தில் பென்சிலை மையாக்கினேன்.
மற்ற மூவருக்கும் அந்த இடத்தில் ஒரே வேலை:
கையைத் தூக்காமல் இருப்பது.
அதுதான் இருந்ததிலேயே கடினமான பயிற்சி.

நவம்பரில் ஒரு வியாழன், புயல்.
எனெலியின் ஜன்னல் கறுத்துவிட்டது.
யாரும் எதுவும் சொல்லவில்லை, வாசித்தார்கள்.
அந்த இடம் வந்தது.
தாவெத்தின் விரல் இறங்கியது.
காத்திருப்பு குறிலாக இருந்து நெடிலாகி,
நெடிலும் போதாமல் அளபெடுத்தது.
நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
ஒலியை அணைக்க மறந்திருந்த
கார்ட்டின் வீட்டு நாய் ஒருமுறை குரைத்தது.
"ஏறத்தாழ ஜி," என்றான் சீம்.
பத்துக் கைகள் இல்லை அன்று, எட்டுதான்,
எட்டும் சிரிப்பில் குலுங்கின.
அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

பயிற்சி அலுவலகத்தின் படிவத்தில்
"எதிர்பார்க்கும் பயன்" என்று ஒரு கட்டம்.
இரண்டு விரற்கடை அகலம்.
இன்னும் காலியாகவே கிடக்கிறது.

மே மாதம் தாவெத்தின் அப்பா
கட்டையைப் பிரித்துத் துடைத்துச் சரிசெய்துவிட்டார்.
வகுப்புக்கு முன் ஒருதரம் அழுத்திக் காட்டினான்.
வட்டமான, கொழுத்த, நல்ல ஜி.
வகுப்பு தொடங்கியது.
அந்த இடத்தில் அவன் விரல் இறங்கிக்
கட்டையைத் தொட்டு அப்படியே நின்றதை
மீன்பெட்டிமேல் இருந்த கேமரா பார்த்தது.
அந்தப் பக்கமிருந்து ஜி வந்தது.

எனெலியிடம் அவன் இன்னும் சொல்லவில்லை.
நானும்தான்.