பதினொரு போத்தல்கள்

சோடாப் போத்தலின் தலையை வெட்டிக்
கவிழ்த்து அதன் வயிற்றுக்குள்ளேயே செருகு.
அடியில் கூழாங்கல், காற்றில் சாயாதிருக்க.
கல் மூழ்கும்வரை தண்ணீர்.
அங்கிருந்துதான் பூச்சியம்.
பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றைச்
சணல்நூலால் வரிந்து கட்டினால்
மழைக்கு இவ்வளவு போதும்.

இப்படிப் பதினொன்று
ஹற்றன் டவுனுக்குள்.
மோகனராஜின் சலூன் மாடியில் ஒன்று.
ரயில்வே குவாட்டர்ஸில்
விமலசேனவின் லீக்ஸ் பாத்தி நடுவே ஒன்று.
மேல்வீதிக்கும் மேலே, மண்மேட்டின் அடியில்,
மார்க்கெட் கூட்டும் அந்தோணியம்மா வீட்டுக்
கோழிக்கூட்டின் மேல் ஒன்று.
என்னுடையது ரீலோட் கடைக் கூரையில்.

காலை ஆறரைக்குக் குனிவோம்.
"நின்னுகிட்டுப் பாத்தா அது பொய் சொல்லும்,
கண்ணை இறக்குங்க"
என்பாள் பார்மசி பஸ்மினா,
இருமல் மருந்து அளந்து பழகியவள்.
பிறகு எண்கள் என் போனுக்கு வரும்.
பால் வாங்க வந்தவர்கள் நின்று கேட்பார்கள்:
சந்தியில் எவ்வளவு?
'விசிதுன' என்பார் விமலசேன.
இருபத்து மூன்று என்று எழுதுவேன்.

முப்பது வயதுவரை எனக்குக் குடையைத் தெரியும்,
மழையைத் தெரியாது.
கினிகத்தேனைப் பக்கமிருந்து அது ஏறி வருவதும்
ஸ்டேஷன் வளைவில் மூச்சு வாங்குவதும்
கொப்பியில் எழுத எழுதத்தான் தெரிந்தது.
ஒரே ராத்திரியில்
பஸ் நிலையத்தில் ஒன்பது, மேல்வீதியில் நாற்பத்தொன்று.
இந்தச் சின்ன டவுனுக்குள்
இத்தனை வானமா?

ஐப்பசியில் ஒருநாள்
இரவு இரண்டரைக்கு அந்தோணியம்மா:
"ரொம்பிருச்சு தம்பி.
ஊத்திட்டு வச்சேன்.
மறுபடி ரொம்பிருச்சு."

பதினாறு வீடு.
ஆளுக்கு ஒன்றிரண்டாய்ப் பிரித்துக் கதவைத் தட்டினோம்.
ஒரு ஆடு, ரப்பர் சீட் போர்த்திய டீவி,
தூக்கத்திலேயே புத்தகப்பையை மாட்டிய பையன்,
எல்லாம் பாடசாலை மண்டபத்துக்கு.
பஸ்மினா தேத்தண்ணி ஊற்றினாள்.
விடியும்வரை எல்லோருக்கும் ஒரே காது,
மேட்டுப் பக்கம்.

மேடு வரவில்லை.

காலையில் வெயில் வேறு அடித்தது.
"ஒங்க போத்தலுக்காக ஒரு ராத்திரி தூக்கம் போச்சு"
என்று ஏசிவிட்டுப் போனார் கிங்ஸ்லி.
அவர் வீட்டுப் பின்சுவரில்
சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு புது வெடிப்பு.
அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.
இரண்டு பேரும் பேசவில்லை.

பிறகு தை பிறந்தது. வறண்ட நாட்கள்.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
மோகனராஜ் மட்டும் ஒரு காலை
எண் சொல்லாமல் சிரித்தான்:
"அடிமட்டம் கீழ கெடக்குண்ணே. கட்டியிருந்த நூலக் காணோம்."
புதிதாய்க் கட்டினான். மறுநாள் அதுவும் போயிற்று.
மூன்றாம் நாள் ஒளிந்திருந்து பார்த்தான்.

சலூன் பெயர்ப்பலகைக்குப் பின்னால்
கை அகலக் கூடு.
எங்கள் சணல்நூல் சுற்றி வளைந்து,
உள்ளே மெத்தென்று
மோகனராஜ் கூட்டி ஒதுக்கிய தலைமயிர்.
கறுப்பு, நரை, சாயமிட்ட செம்பட்டை.
டவுனில் பாதிப்பேர் அதில் இருக்கிறோம்.
போன வாரம் முடிவெட்டிய கிங்ஸ்லியும்
எங்கேயாவது இருப்பார்.

கொப்பியில் எழுதினேன்:
சலூன் மாடி. அளவு இல்லை.
காரணம், கொண்டைக்குருவி.

விமலசேனவுக்குப் போனில் விளக்கப் போனேன்.
"கொண்டயா?" என்றார்.
கொண்டைதான் என்றேன்.

இப்போது பத்துப் போத்தல்தான் வாசிக்கிறோம்.
பதினொன்றாவது வரிசையில்
முட்டை மூன்று என்றிருக்கிறது.